‘90 நிமிடம்தான்’ என்றார்கள்

ஐந்தே இரவுகள் கொண்ட விடுமுறையில், கடல் அசைவில்லாமல் கிடந்த ஒரு முழுக் காலைப்பொழுதை, ஜன்னலே இல்லாத குளிரறைக்குள் ஒரு வட்ட மேசையின் முன்னால் உட்கார்ந்து தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஊர் திரும்பி எட்டு நாள் ஆகிறது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மெக்சிகோவின் கடற்கரை ரிசார்ட்டுகளில் டைம்ஷேர், அதாவது ஆண்டுக்கு ஒரு வாரம்போல அங்கே வந்து தங்கும் உரிமை, விற்கிறோம் என்ற பெயரில் விருந்தினர்களை நடத்துகிற விதம் இருக்கிறதே, அதற்கு நாகரிகமான சொல் எதுவும் எனக்கு அகப்படவில்லை.

நாங்கள் ஹூஸ்டனில் வசிக்கிறோம். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளில், குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் கிளம்பியது இதுதான் முதல் முறை. கின்டானா ரோ மாநிலத்தில் இருக்கும் ப்ளாயா தெல் கார்மெனைத் தேர்ந்தெடுத்து, அதற்கு டிசம்பர் மாதத்தையும் யோசித்துத்தான் வைத்தோம். 2011 முதல் கரீபியக் கரைகளில் பெரும் அளவில் ஒதுங்கத் தொடங்கிய சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி, கோடை மாதங்களில் மணலில் குவிந்து அழுகி, கெட்டுப்போன முட்டையைப்போல நாறும் என்று படித்திருந்ததால், அந்த மாதங்களைத் தவிர்த்தோம். புயல் பருவத்தையும் தவிர்த்தோம். கொசுவர்த்தி முதற்கொண்டு எடுத்துவைத்தோம். மனிதர்களைத் தவிர்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் தோன்றவில்லை.

கான்குன் விமான நிலையத்தில் சுங்கம் கடந்து கதவு திறந்ததுமே அது தொடங்கிவிட்டது. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பத்துப் பதினைந்து பேர் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, எந்த ஹோட்டல், யாருடைய வண்டி, உங்கள் பெயரைப் பட்டியலில் பார்த்துச் சொல்கிறேன் என்று மறித்தார்கள். பார்த்தால் விமான நிலைய ஊழியர்களைப் போலவே இருந்தார்கள். உண்மையில் அத்தனை பேரும் ஆள் பிடிக்க நிற்பவர்கள். நமக்காகப் பெயர்ப்பலகை பிடித்துக்கொண்டு நிற்கும் ஓட்டுநர் கட்டடத்துக்கு வெளியே, கூரைக்குக் கீழே காத்திருக்கிறார். மெக்சிகோவின் இன்னொரு கடற்கரை ஊரான புவேர்ட்டோ வயார்ட்டாவின் விமான நிலையத்தில் இதே போன்ற கூடத்துக்குப் பயணிகள் வைத்திருக்கும் பெயர் ‘சுறாத் தொட்டி’. பெட்டியை இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்து அதைக் கடந்தோம். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

சுறா எங்கள் ரிசார்ட்டிலேயே இருந்தது. அறைச் சாவியைக் கொடுத்து, கையில் பட்டையைக் கட்டிய பிறகு, “உங்களுக்கு ஒரு வரவேற்புப் பரிசு இருக்கிறது, பக்கத்து மேசையில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்கள். பக்கத்து மேசையில் இருந்த பெண், சிச்சேன் இட்சா என்னும் பழைய மாயன் நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கும் சுற்றுலாவுக்குப் பாதி விலையும், இருவருக்கு மசாஜும், ஒரு டெக்கீலா பாட்டிலும் தருவதாகச் சொல்லி, அதற்கு நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் மறுநாள் காலை ஒரு சிறப்பு உணவுக்கு வந்து, 90 நிமிடம் ரிசார்ட்டைச் சுற்றிப் பார்ப்பது மட்டுமே என்றார். நான் வேண்டாம் என்றேன். என் கணவர், யாராவது சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டால் மறுக்கத் தெரியாத மனிதர், “ஒன்றரை மணி நேரம்தானே, போய்விட்டு வந்துவிடலாம்” என்றார். இந்தத் தொழில் முழுவதும் அப்படிப்பட்ட நல்ல மனிதர்களின் முதுகில்தான் நடக்கிறது.

இருவரும் கட்டாயம் சேர்ந்து வர வேண்டும், கிரெடிட் கார்டும் அடையாள அட்டையும் கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பெண் இரண்டு முறை சொன்னார். உணவு சாப்பிட எதற்குக் கிரெடிட் கார்டு என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். இருவரும் ஏன் வர வேண்டும் என்பது மறுநாள்தான் விளங்கியது. ஒருவர் மட்டும் வந்தால், “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று எழுந்துபோக ஒரு வழி இருக்கும். அந்த வழியை அடைத்துவிட்டுத்தான் காபியே ஊற்றுகிறார்கள்.

காலை எட்டரைக்கு வரச் சொன்னார்கள். கின்டானா ரோ 2015 முதல் தனி நேர மண்டலத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் ஹூஸ்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எங்கள் உடம்புக்கு அது ஏழரை. உணவு உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை மறைக்கவில்லை. எங்களோடு உட்கார்ந்த இளைஞர், எங்கள் குழந்தைகளின் பெயரைக் கேட்டார், வேலையைக் கேட்டார், ஆண்டுக்கு எத்தனை முறை பயணம் போகிறோம், அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் ஒரு தாளில் தலைகீழாக, அதாவது எங்கள் பக்கமிருந்து படிக்கிற மாதிரி, எழுதிக்கொண்டே வந்தார். அந்தத் திறமையை நான் மெச்சத்தான் செய்தேன். ஒன்பதரைக்கு மாதிரி அறையைக் காட்டினார்கள். எங்களுக்குக் கொடுத்த அறையைப்போல மூன்று மடங்கு இருந்தது; பால்கனியில் ஒரு குட்டி நீச்சல் குளம்கூட இருந்தது. பத்து மணிக்கு, அதாவது அவர்கள் சொன்ன 90 நிமிடம் முடிந்த அதே நிமிடத்தில், அந்த ஜன்னலில்லாத கூடத்துக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார்கள்.

அங்கே முப்பது மேசையாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தம்பதி, எதிரே ஒரு விற்பனையாளர். கால் மணிக்கொரு முறை எங்கேயோ ஒரு ஷாம்பெயின் பாட்டில் ‘டப்’ என்று திறக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், ஒலிபெருக்கியில் யாரோ ஒரு தம்பதியை வாழ்த்துவார்கள். நம்மைத் தவிர உலகமே வாங்குகிறது என்று நினைக்க வைப்பதற்கான சத்தம் அது. முதலில் சொன்ன விலை 42,000 டாலர். நாங்கள் தலையசைத்ததும் மேலாளர் என்று ஒருவர் வந்தார், 24,000 ஆனது. அதற்கும் மசியவில்லை என்றதும் இன்னொரு மேலாளர், 9,800. இருபது நிமிடத்தில் முப்பத்திரண்டாயிரம் டாலர் கரைந்துபோகிற பொருளின் உண்மையான மதிப்பு என்ன என்று கேட்டேன். “இன்று மட்டும்தான் இந்த விலை” என்பதுதான் பதிலாக வந்தது.

எனக்குக் கணக்கு வரும். அதுதான் என் பிழைப்பே. 24,000 டாலர் கொடுத்து ஆண்டுக்கு ஒரு வாரம் வாங்கினால், அதற்கு மேல் ஆண்டுதோறும் 1,100 டாலர் பராமரிப்புக் கட்டணம். பத்தாண்டுக்கு மொத்தம் 35,000, ஒரு வாரத்துக்கு 3,500. நாங்கள் அப்போது தங்கியிருந்த ஐந்து இரவுகளுக்கு, சாப்பாடு, குடிப்பதற்கு, எல்லாம் சேர்த்து இருவருக்கும் 1,900 டாலர்தான் கட்டியிருந்தோம். ஏழு இரவாகப் பெருக்கினாலும் 2,660. டைம்ஷேர் உறுப்பினருக்கோ சாப்பாட்டுக்குத் தனியாக நாள் கணக்கில் பணம். கட்டணம் வருடா வருடம் ஏறாது என்பதற்கு உத்தரவாதம் எழுதித் தருவீர்களா என்று கேட்டதற்கு, அந்த மேலாளர் என்னை விட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் ரத்தம் கொதித்தது அதற்குப் பிறகுதான். “சார், பதினோரு ஆண்டுகளாக உங்கள் குடும்பத்துக்காக உழைத்திருக்கிறார் உங்கள் மனைவி. வருடத்துக்கு ஒரு வாரம் அவருக்குக் கொடுக்க உங்களுக்கு மனமில்லையா?” என்று கேட்டார் அந்த ஆள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பவளே நான்தான். என்னைக் காட்டி என் கணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். என் கணவரின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். சற்று நேரம் கழித்து வந்த மூன்றாவது ஆள் அதையே திருப்பிப் போட்டார்: “அவருக்கு ஆசை இருக்கிறது மேடம், நீங்கள்தான் தடுக்கிறீர்கள்.” ஒருவருக்கு ஒருவர் நேரம் ஒதுக்கத்தான் நாங்கள் அத்தனை தூரம் போனோம். அந்த மேசையை விட்டு எழுந்தபோது, நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத நிலையில் இருந்தோம். இதை எந்த மசாஜால் ஈடுகட்டுவார்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “இது செலவில்லை, சொத்து, பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம்” என்று அவர்கள் வாய் ஓயாமல் சொன்னார்கள். மெக்சிகோ அரசியலமைப்பின் 27ஆம் பிரிவின்படி, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலவுடைமை பெற முடியாது; அங்கே வீடு வாங்குகிறவர்கள்கூட வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் வாங்க வேண்டும். இவர்கள் விற்பது குறிப்பிட்ட காலத்துக்குத் தங்கிப்போகிற உரிமை, அவ்வளவே. இதை நான் சொன்னதும் அந்த இளைஞரின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு மறைந்தது. வாயால் சொல்லும் வாக்குறுதிகள் எதுவும் செல்லாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதில் கையெழுத்து வாங்குவதற்காகத்தான் வாயால் அத்தனை வாக்குறுதிகள்.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதை அந்தக் கூடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். மெக்சிகோவின் நோம்-029 என்னும் விதியின்படி, ஒப்பந்தம் போட்ட ஐந்து வேலை நாட்களுக்குள் எந்த அபராதமும் இல்லாமல் ரத்து செய்யலாம். எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் சான்று பெற வேண்டும். மறுத்தால் ப்ரொஃபெகோ என்னும் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடம் முறையிடலாம். ஆனால் விடுமுறைக்கு வந்தவர் அந்த ஐந்து நாளும் குளத்தோரம் கிடந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதானே ஒப்பந்தத்தைப் பிரித்துப் படிப்பார்?

அதற்குப் பிறகு, வாங்கியதை விற்றுத் தருகிறோம் என்று வேறு ஒரு கூட்டம் வருகிறது. அதிலும் ஏமாந்தவர்களின் எண்ணிக்கை சின்னது அல்ல: 2019க்கும் 2023க்கும் இடையில், மெக்சிகோ சார்ந்த டைம்ஷேர் மோசடிகளில் ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் சுமார் 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் அமெரிக்க அரசு அமைப்புகள் அறிவித்தன. அந்த மோசடிகளின் பின்னால் ஹலிஸ்கோ மாநிலத்தின் போதைக் கும்பல் இருப்பதாகவும் சொன்னார்கள். எங்கள் மேசையில் இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சட்டப்படி நடக்கும் ஒரு வியாபாரத்தின் கூலிக்காரர்கள். ஆனால் சலித்துப்போய் விற்றுத் தொலைக்கத் துடிக்கிற ஆட்களை, ஆண்டுதோறும் அந்த மோசடிக்காரர்களுக்கு உற்பத்தி செய்து தருவது இந்த ஜன்னலில்லாத கூடங்கள்தான்.

கடைசியாக வெளிவாசல் மேசை. பரிசுக் கூப்பனைக் கொடுப்பவர் என்று சொல்லி உட்காரவைத்த அம்மாள், “முழு உறுப்பினர் வேண்டாம், சோதனைக்கு மட்டும் 1,995 டாலர்” என்று ஆரம்பித்தார். என் கணவர், பதினோரு ஆண்டுகளில் நான் ஒரே ஒருமுறைகூடக் கேட்டிராத குரலில், “போதும் அம்மா, எங்களை விட்டுவிடுங்கள்” என்றார். மணி பன்னிரண்டே முக்கால். கூப்பனைப் பிரித்துப் பார்த்தால், சிச்சேன் இட்சாவுக்கு வண்டி செவ்வாய்க்கிழமை மட்டும் என்று இருந்தது. எங்கள் விமானம் திங்கட்கிழமை.

வெளியே வந்தபோது சாய்வு நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. ஆளில்லாத நாற்காலிகளில்கூடத் துண்டு விரித்து இடம் பிடித்திருந்தார்கள். அது வேறு ஒரு வயிற்றெரிச்சல், விடுங்கள். கடலோரம் போய் மணலிலேயே உட்கார்ந்தோம். மெக்சிகோவில் கடற்கரை எந்த ஹோட்டலுக்கும் சொந்தமில்லை, நாட்டின் பொதுச்சொத்து. அதனால் மாம்பழக்காரர் ஒருவர் தலையில் தட்டோடு அந்த வழியாக வந்தார். குச்சியில் செருகிய பழத்தைப் பூவைப்போலச் செதுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவித் தருகிறார். வேண்டுமா என்று சைகையில் கேட்டார். நான் சோர்வில் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு நடந்துபோனார். ஒரே ஒரு முறைதான் கேட்டார். காலையிலிருந்து நான் சொன்ன ‘வேண்டாம்’களில் ஒரு மனிதர் காதில் விழுந்தது அது ஒன்றுதான். என் கணவர் எழுந்து அவர் பின்னாலேயே ஓடி, இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். அப்போதுதான் நாங்கள் மறுபடி பேசத் தொடங்கினோம்.

மாலை அறைக்குத் திரும்பியபோது தொலைபேசியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. காலை விருந்து எப்படி இருந்தது என்று விசாரிக்கவும், எங்களுக்காகவே தயாரித்த ஒரு புதிய சலுகையைப் பற்றிப் பேசவும் அழைத்திருந்தார்களாம். நான் சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டேன். கிளம்பும் நாள்வரை அது தரையிலேயே கிடந்தது.