தடைக்காலத்து மீன் எல்லாம் பழைய மீனா?

"ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்கு யாரும் போவதில்லை, சந்தையில் விற்பதெல்லாம் ஃபார்மலின் (உடல் கெடாமல் பதப்படுத்தும் ரசாயனம்) போட்ட பழைய மீன்" என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

தமிழகக் கிழக்குக் கரையில் இந்த 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். கட்டுமரமும் வள்ளம் என்னும் சிறு படகும் கரையோரம் தொழில் செய்யலாம். விடியலில் போய் முற்பகலில் திரும்பும் படகின் மீன் அன்றைய மீன். வதந்தியால் விலை விழுந்தால் அடிபடுவது இந்தச் சிறு படகு மீனவர்கள்தான்.

வெளியூர் வரத்தும் உண்டு. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. மே முழுக்க அங்கிருந்து ஐஸ் பெட்டியில் லாரி வரும். ஐஸ் வேறு, ஃபார்மலின் வேறு. ஃபார்மலினைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, சோதனைத் தாள் வேண்டும்.

வாங்கும்போது எந்தக் கரை, எந்த வலை என்று கேளுங்கள். செவுள் வலையில் (மீனின் தலை கண்ணியில் சிக்கும் வலை) பட்ட மீனுக்குத் தலைக்குப் பின்னால் வலைக்கண் அழுந்திய கோடு இருக்கும். தூண்டில் மீனுக்கு வாயில் கிழிசல். செவுள் சிவந்து, அழுத்திய சதை உடனே எழும்பினால் தாராளமாக வாங்கலாம். கோடு இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம், கரையில் நின்று இழுக்கும் கரைவலை மீனில் அது இருக்காது.