நீர் வடியும் வரை காத்திருந்த தளபதி

1884 ஆகஸ்ட் 23 அன்று, சீனத்தின் ஃபூசோ நகருக்குக் கீழே மின் ஆற்றில், பிரெஞ்சுக் கப்பற்படை சீனத்தின் ஃபூஜியன் மாகாணக் கப்பல் அணியை அரை மணி நேரத்துக்குள் அழித்தது. பதினொரு சீனக் கப்பல்களில் ஒன்பது போயின. பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர்கள் 10 பேர். மேற்கத்திய பீரங்கிக்கு முன்னால் மரக்கலம் எம்மாத்திரம் என்று சொல்லி இதை முடித்துவிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பீரங்கி பலம் பிரெஞ்சுக்காரர்களுக்கே கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் பிரெஞ்சுத் தளபதி கூர்பேயின் கப்பல்களிலும் பெரும்பாலானவை கவசமற்றவையே.

வியட்நாமின் டோங்கின் பகுதியைப் பற்றிய தகராறில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததால், போர் அறிவிக்கப்படாமலே இரு அணிகளும் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரே துறையில், கூப்பிடு தூரத்தில் நங்கூரமிட்டுக் கிடந்தன. நங்கூரமிட்ட கப்பல் நீரோட்டத்தை எதிர்த்தே முகம் வைக்கும். கடல் ஓதம் ஆற்றுக்குள் ஏறும்போது ஒரு பக்கம், வடியும்போது மறுபக்கம். ஆற்றின் மேற்புறம் நின்ற சீனக் கப்பல்கள் நீர் வடியும் வேளையில் தம் பின்புறத்தைப் பிரெஞ்சுக்காரருக்குக் காட்டியாக வேண்டும். அவற்றின் பெரிய பீரங்கிகளோ முன்னால் இருந்தன. கூர்பே பிற்பகல் இரண்டு மணியைத் தேர்ந்தது இதற்காகத்தான். முதல் சில நிமிடங்களிலேயே ஒரு சிறு பிரெஞ்சுப் படகு, நீண்ட கழியின் நுனியில் வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு போய், சீனத் தலைமைக் கப்பலான யாங்வூவின் விலாவில் முட்டி வெடிக்க வைத்தது.

இந்தக் கணக்கு சீன மாலுமிகளுக்குத் தெரியாததல்ல. முந்திக்கொண்டு சுடக் கூடாது என்ற கட்டளைதான் அவர்களைக் கட்டிப்போட்டது. ஆகவே இதைக் கூர்பேயின் போர்த்திறன் என்று மட்டும் புகழ்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. கை கட்டப்பட்டவனை அடிப்பதற்கும் நேரம் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவே. மறுநாள் கூர்பே சுட்ட சீனக் கப்பல் கட்டும் தளம், 1866இல் தொடங்கப்பட்டுப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜிகேலின் மேற்பார்வையில் எழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சீனத் தரப்பையும் நான் விடுவதாயில்லை. வடக்கே நல்ல கப்பல்களை வைத்திருந்த லி ஹாங்சாங், உதவி கேட்டும் அனுப்பவில்லை. போர் வேண்டும் என்று அரசவைக்கு எழுதி எழுதிப் பேர் வாங்கிய, ஃபூசோ பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆணையர் சாங் பெய்லுன், முதல் குண்டுகள் விழுந்ததுமே மலைப் பக்கம் ஓடினார். அதற்காக அவர் எல்லைப்புறத்துக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டார். தண்டனை முடிந்து திரும்பியபோது அவருக்குப் பெண் கொடுத்தவர், கப்பல் அனுப்ப மறுத்த அதே லி ஹாங்சாங்.