ஒரேயொரு எழுத்து

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று தாக்குபவர் ஊகிக்க முடியாதபடி, கணினி பூட் ஆகும்போது அதன் முகவரியைக் குலுக்கிப் போடும் நிரலில் நண்பர் செய்திருந்த மாற்றத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரமும், கெர்னலை எத்தனை இடங்களில் வைக்கலாம் என்ற கணக்கிலேயே போயிற்று. காலி நினைவகத்தின் அளவிலிருந்து கெர்னலின் அளவைக் கழித்து, இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். நினைவகப் பகுதி கெர்னலைவிடச் சிறியதாக இருந்தால்? எதிர்மறை மதிப்பே இல்லாத குறியில்லா எண்ணில் கழித்தால் பூதாகரமான ஓர் எண் வந்து நிற்கும். அதையும் தடுத்திருந்தார். ஒப்புதல் எழுதக் கை போய்விட்டது.

கடைசியில், பிழை தேடுவதற்காக, பதிவுக் கோப்பில் முகவரியை அச்சிடும்படி போட்ட லாக் வரி ஒன்று அப்படியே கிடந்தது. லினக்ஸில் சதவீதக் குறியும் 'பி'யும் போட்டு அச்சிட்டால், 4.15 பதிப்பிலிருந்து முகவரிக்குப் பதில் அதை உருமாற்றி மறைத்த எண்ணான ஹாஷ்தான் வரும். கூடவே ஓர் 'எக்ஸ்' சேர்த்தால் அசல் முகவரியே வெளியே வந்துவிடும். அவர் சேர்த்திருந்தார்.

இதைச் சின்ன விஷயம் என்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை. இன்டெல், ஏஎம்டி வகையான 64 பிட் எக்ஸ்86 செயலிகளில் ஓடும் லினக்ஸில் கெர்னல் உட்கார 1 ஜிகாபைட் பரப்பு, 2 மெகாபைட் படிகள். கூடிப்போனால் 512 இடங்கள். இவ்வளவு குறைவாக இருந்தும் தாக்குபவர் தயங்குகிறார் என்றால், தவறாக ஊகித்தால் கெர்னல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான். அந்தத் தயக்கத்தை ஒரு லாக் வரி போக்கிவிடுகிறது. கெர்னல் மொத்தமும் ஒரே அளவு நகர்வதால், ஒரு ஃபங்ஷனின் முகவரி தெரிந்தால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2017-இல் ஒவ்வொரு பூட்டுக்கும் கெர்னலின் உள்வரிசையையே கலைத்து இணைக்கத் தொடங்கியது சும்மா இல்லை. ஆர்ம்64 செயலிகளில் ஓடும் லினக்ஸோ, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் இந்தக் குலுக்கலுக்காகத் தரும் விதை எண்ணைப் படித்த கையோடு அந்த இடத்தில் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. அத்தனை ஜாக்கிரதை!

நேரத்தை அளந்தே கெர்னல் இருக்குமிடத்தைப் பிடிக்கும் வழிகள் உண்டே, பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். உண்டுதான். அதற்காக நாமே விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டுமா? அவற்றுக்குப் பெரும்பாலும் அந்த இயந்திரத்தில் நிரலை ஓட்டியாக வேண்டும். லாக் கோப்போ மின்னஞ்சலில், பிழை அறிக்கையில் எங்கெங்கோ பயணம் போகிறது.

நண்பர் கோபப்படவில்லை. 'எக்ஸ்'ஸை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி அனுப்பினார். ஹாஷை வைத்துக்கொண்டு யார் என்ன பிழையைத் தேடப் போகிறார்கள்? வரியையே எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.