கேட்டில் நின்ற நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

எங்கள் அப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் முதலில் பதிலியாகத்தான் சேர்ந்தார். நிரந்தர ஆள் யாராவது லீவு போட்டால் பதிலிக்கு வேலை. இல்லையென்றால் தூக்குப்போசியைத் திறக்காமலே சைக்கிளைத் திருப்ப வேண்டியதுதான். சங்கு ஊதும்போது கேட்டில் நிற்கிற அத்தனை பேரும் மேஸ்திரி வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் தெருமுனை பேக்கரியில் டீ குடிக்கும்போது அது ஞாபகம் வந்தது. டெலிவரி பையன்கள் நாலு பேர் வண்டி மேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். "பதினோரு மணிக்கு லாகின் பண்ணுனதுங்ணா, இதுவரைக்கும் ஒம்பது ஆர்டர். இஷ்டப்பட்ட நேரத்துக்கு வேலை பாக்கலாம்னாங்க. பாக்கலாம்தான். ஆனா இன்சென்டிவ் வேணும்னா பதினொன்னு வரைக்கும் நகரக் கூடாது."

நான் ஐடி கம்பெனியில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. இந்த நெகிழ்வு எனக்கு வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ப்ராஜெக்ட் இல்லாமல் இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் ஒண்ணாந்தேதி சம்பளம் வந்தது. வேலை இல்லாத நேரத்தின் நஷ்டம் கம்பெனி தலையில். அந்தத் தம்பிக்கோ பெட்ரோல், வண்டி டியூ, சும்மா உட்கார்ந்த நேரம் எல்லாமே அவன் தலையில். இரண்டுக்கும் 'நெகிழ்வு' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

காத்திருக்கும் நேரத்துக்கு விலை உண்டு என்பது நம் சட்டத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. 1953இல் தொழில் தகராறு சட்டத்தில் லே-ஆஃப், அதாவது வேலை தர முடியாமல் ஆளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது பற்றிய பிரிவைச் சேர்த்தார்கள். மஸ்டர் ரோலில் (ஆள் பதிவேட்டில்) பெயர் உள்ள தொழிலாளி நேரத்துக்கு வந்து நின்று, இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரவில்லையென்றால் அது லே-ஆஃப். ஒரு வருட சர்வீஸ் இருந்தால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். ஒரு வருடத்தை முடித்த பதிலிக்கும் அது உண்டு. அப்பாவுக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது, ஆனால் "கரண்ட் இல்லீன்னாலும் அரைச் சம்பளம்" என்பது தெரியும்.

2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் ஊபர் வழக்கில் கிட்டத்தட்ட இந்த இடத்துக்குத்தான் வந்தது. டிரைவர் தன் பகுதியில் ஆப்பைத் திறந்து, சவாரி எடுக்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. இங்கே 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தத் தம்பி மாதிரி கிடைக்கிற வேலைக்கு மட்டும் கூலி வாங்கும் 'கிக்' தொழிலாளியை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே வரையறுக்கிறது. ஆப் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குத் தர வேண்டும், நல்லதுதான். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி என்ற பேச்சு அதில் இல்லை. நிதி ஆயோக் கணக்கில் 2020–21லேயே இப்படி 77 லட்சம் பேர்.

'விருப்பப்பட்டவர்கள் மட்டும் வேலை பார்க்கலாம்' என்பதையும் நான் அவ்வளவு நம்புவதில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறியபோதும் இதைத்தான் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்து, தொழிற்சங்கங்களும் எதிர்த்த பிறகு மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. அங்கே எதிர்க்கச் சங்கம் இருந்தது. ஆப்பில் லாகின் ஐடியை பிளாக் பண்ணினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

2025இல் சென்னை மாநகராட்சி டெலிவரி ஊழியர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது. சார்ஜர், கழிப்பறை எல்லாம் உண்டு. பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் தோன்றியது, கம்பெனி காக்க வைக்கிற ஆட்களுக்கு அறை கட்டியது நம் வரிப்பணம்.

நான் டீக்குக் காசு கொடுக்கும்போது அந்தத் தம்பிக்கு ஆர்டர் வந்தது. பாதி டீயைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். மற்ற மூன்று பேரும் தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டார்கள்.