கிராமியச் செய்தியும் ஓர் அரசியல்தான்
பிரெஞ்சுத் தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பாளர் ழான்-பியர் பெர்னோ "அரசியல் கலக்காத கிராமத்துக் கதைசொல்லி" என்று, அவரைப் பற்றிய இக்கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1988 பிப்ரவரியில் முந்தைய தொகுப்பாளர் இவ் முரூசியிடமிருந்து தேஎஃப்1 தொலைக்காட்சியின் பகல் ஒரு மணிச் செய்தியைப் பெற்று, 2020 டிசம்பர் வரை ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகள் அதைத் தம் கையிலேயே வைத்திருந்த ஒருவர், எதை முதலில் காட்டுவது, யாரைப் பேசவிடுவது என்று நாள்தோறும் எடுத்த முடிவுகளை அரசியலுக்கு அப்பாற்பட்டவை என எப்படிச் சொல்வது? ரயில் வேலைநிறுத்தம் என்றால், தொழிற்சங்கத்தின் கோரிக்கை என்ன என்பதைவிட, நடைமேடையில் பெட்டியோடு காத்திருக்கும் பயணியின் எரிச்சலே அவருடைய செய்தியில் மேலோங்கி நின்றது. இதை விமர்சகர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். வீடற்றோருக்கு இடமில்லை, குடியேறிகளுக்கான மையங்களோ திறந்தவண்ணம் உள்ளன என்னும் பொருள்பட அவர் 2016 நவம்பரில் சொன்னதும், அதற்கு எழுந்த கண்டனமும் கட்டுரையில் இடம்பெறாதது வியப்பளிக்கிறது. அதற்காக, இக்கட்டுரைக்குக் கருத்திட்ட நண்பர் ஒருவர் சொல்வதுபோல் அவர் வெறும் பழம்பெருமை வியாபாரி என்றும் நான் கருதவில்லை. அமியானில் பிறந்து, லீல் இதழியல் பள்ளியில் பயின்ற அவர், பாரிஸ் ஆசிரியர் குழுக்கள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களின் மூடப்படும் கடைகளையும் கைவினைஞர்களையும் தேசியச் செய்தியாக்க, வட்டாரந்தோறும் செய்தியாளர் வலையமைப்பை வளர்த்தெடுத்தார். விலைவாசியையும் பொதுப்பணம் வீணாவதையும் அலசிய 'கொம்பியேன் சா கூத்' ('இதற்கு எவ்வளவு செலவு?') நிகழ்ச்சியை அவர் நீண்டகாலம் நடத்தியதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அவருடைய அரசியல் பார்வை மிக வெளிப்படையாகத் தெரிந்த இடம், என் கணிப்பில், அதுதான்.