அந்த ஏழாவது படத்தை எடுத்துவிடுங்கள்

மூன்று நாளாக எழுத வேண்டாம், எழுத வேண்டாம் என்று அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி இன்பாக்ஸில் மறுபடியும் நாலு பேர் அதே பதிவை அனுப்பி, "உங்க பாப்பா ஸ்கூல்தானே இது, சூப்பர்ங்க" என்று வாழ்த்துச் சொன்னதும் தாங்க முடியவில்லை. எந்தப் பதிவு என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒரு அமைப்பு வந்து பையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்ததே, அதைப் பற்றி அவர்கள் போட்ட பதிவுதான். பதினோரு படங்கள். மேலே கொட்டை எழுத்தில், "ஏழைக் குழந்தைகளின் முகத்தில் புன்னகை".

என் மகள் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். அன்றைக்கு அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் புன்னகை எப்படி எடுக்கப்பட்டது என்று கண்ணால் பார்த்தேன்.

பத்தரை மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் வந்து சேர்ந்தது பன்னிரண்டே காலுக்கு. அதுவரை பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வராண்டாவில் பேனர் கட்டினார்கள். முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பை கொடுத்தும் ஆயிற்று. படம் எடுத்த தம்பி போனைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் பின்னாடி அடிக்குது, முகமே தெரியல" என்றார். உடனே கொடுத்த பைகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, பேனரை அவிழ்த்து வெளியே கட்டி, முதலிலிருந்து மறுபடி கொடுத்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பையை விடவில்லை. பையின் ஒரு வாரைப் பெரியவர் ஒருவர் பிடித்து இழுக்கிறார், இன்னொரு வாரை இவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பை போயே போய்விட்டது என்று நினைத்துவிட்டான் குழந்தை. தேம்பித் தேம்பி அழுதான். ஏழாவது படத்தில் கண்ணெல்லாம் சிவந்து பையோடு நிற்பது அவன்தான். அதற்குக் கீழே ஒருவர் "ஆனந்தக் கண்ணீர்" என்று எழுதியிருக்கிறார்.

அது ஆனந்தக் கண்ணீர் இல்லைங்க. கையில் கொடுத்ததைப் பிடுங்கினால் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வருகிற அழுகை.

பை கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. இதைப் பத்துத் தடவை சொல்லத் தயார், ஏனென்றால் கீழே வந்து முதலில் இதைத்தான் கேட்பீர்கள். பை நல்ல பை. ஜிப் உறுதியாக இருக்கிறது. மழைக்கு நனையாது. கொடுத்தவர்கள் சொந்தக் காசு போட்டிருக்கிறார்கள், நன்றி. என் கேள்வி ஒன்றே ஒன்று: எங்கள் பிள்ளைகளுக்கு 'ஏழைக் குழந்தைகள்' என்று பேர் வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அந்தப் பள்ளியில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆமாம். டிராக்டர் வைத்திருப்பவர் பிள்ளையும் இருக்கிறது. கஷ்டப்படுகிற வீடாகவே இருக்கட்டும். அந்த வீட்டுக் கஷ்டம் அந்த வீட்டுக்குள் இருக்கிறது. அதை எடுத்து அஞ்சு வயசுக் குழந்தையின் முகத்தில் ஒட்டி ஊருக்கெல்லாம் காட்ட யாருக்கும் உரிமை இல்லை.

இந்த மண்ணில் பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது இன்று நேற்று வந்ததா? 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது. 1956-ல் காமராசர் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு. அப்புறம் முட்டை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியது நம்ம நாகை மாவட்டம் திருக்குவளையில்தான். வரிசையில் தட்டோடு நிற்கிற பிள்ளையிடம் "நீ ஏழையா" என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கு வந்தால் சோறு, அவ்வளவுதான். புத்தகம், சீருடை எல்லாவற்றுக்கும் அரசாங்கமே 'இலவசம்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'விலையில்லா' என்று எழுதுகிறது. ஒரு சொல்லை மாற்றக் கோட்டையில் இருப்பவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஒரு வேன் நிறையப் பை கொண்டுவந்தவர்களால் ஒரு நிமிடம் யோசிக்க முடியவில்லையா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

நான் நாலாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் ஒரு பெரிய மனிதர் வந்து பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி கொடுத்தார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் கையை நீட்டி வாங்குகிற படம் இரண்டு நாள் கழித்து பேப்பரில் வந்தது. அப்பா அதை டீக்கடையில் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து யாரையும் திட்டவில்லை. "துணி நான் எடுத்துத் தந்திருப்பேனே பாப்பா" என்று மட்டும் சொன்னார். அப்பா குத்தகைக்கு ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர் நிலம் பார்த்துக்கொண்டிருந்தவர். தீபாவளிக்கு எடுத்த துணிக்குப் பொங்கல் வரை கடைக்காரரிடம் பாக்கி வைப்பார், ஆனால் எடுக்காமல் இருந்ததில்லை. அந்தத் துணியைத் தைக்கவே இல்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் எனக்கு அப்போது இல்லை. அப்பா போன பிறகு வீட்டை ஒழிக்கும்போது பீரோவின் அடித்தட்டில் அது இருந்தது. மடிப்பில் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்து, வெள்ளைப் புள்ளியில் எல்லாம் பழுப்பு ஏறிப்போயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதனால் 'ஒரு போட்டோதானே' என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"படம் போட்டால்தான் பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட முடியும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். அடுக்கி வைத்த 58 பைகளைப் படம் எடுங்கள். பேனரை எடுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுத் தருகிற கடிதத்தை எடுங்கள். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதை முதுகுப் பக்கமாக எடுங்கள், எவ்வளவு அழகாக இருக்கும்! கணக்குக்கு எதற்குக் குழந்தையின் முகம்? பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தைப் பேசுகிறது. சட்டத்தை விடுங்கள். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லி வந்த குழு அது. அன்றைக்கு நாங்கள் ஆறு பேர் அங்கேயே நின்றோம். எங்களை நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார்கள். போட்டோம். படம் போடலாமா என்று மட்டும் கேட்கவில்லை.

"டீச்சரே சும்மாதானே இருந்தாங்க?" வேறு என்ன செய்வார்கள்? வந்தவர்களை எதிர்த்து ஒரு டீச்சர் பேசினால் அடுத்த நாள் புகார் எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களை இதில் இழுக்காதீர்கள்.

"இப்படிப் பேசினா இனிமே யாருமே உதவ வரமாட்டாங்க." வராவிட்டால் போகட்டும் என்று எழுதிவிட்டு அழித்துவிட்டேன். ஏனென்றால் வரவேண்டும். எங்கள் பள்ளிக்கு இன்னும் எத்தனையோ தேவை இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் என்ன எழுதிவிட்டுப் போகிறார்கள் என்பதால் எங்களுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

என்ன ஆகிறது? கேளுங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 ஆனால் மூன்று. இதுதான் சட்டத்தில் இருக்கிற கணக்கு. எங்கள் பள்ளியில் 63 பேர் இருந்தார்கள், மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். 58 ஆனதும் பணி நிரவலில் ஒரு டீச்சரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் போதும், மூன்றாவது டீச்சரைக் கேட்கலாம். அந்த மூன்று பிள்ளைகளுக்காகப் போன மே மாத வெயிலில் பெரிய டீச்சரும் நாங்களும் வீடு வீடாக நோட்டீஸ் எடுத்துக்கொண்டு நடந்தோம். எத்தனை வாசலில் மோர் கொடுத்து உட்காரவைத்து, கடைசியில் "அதெல்லாம் சரிதான் டீச்சர், ஆனா கவர்மென்ட் ஸ்கூல்னா ஒரு மாதிரி பார்ப்பாங்களே" என்று சொன்னார்கள் தெரியுமா?

அந்த 'ஒரு மாதிரி' எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? இப்படிப்பட்ட பதிவுகளில் இருந்துதான் வருகிறது. தெருமுனையில் மஞ்சள் வேனுக்காகக் காத்திருக்கிற அம்மா அந்தப் படத்தைப் பார்க்கிறாள். நம்ம பிள்ளையும் இப்படிப் பேனருக்கு முன்னால் நிற்க வேண்டுமா என்று நினைக்கிறாள். கடன் வாங்கியாவது ஃபீஸ் கட்டுகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானே என் மகளை எல்.கே.ஜி., யு.கே.ஜி. அந்த வேனில் அனுப்பியவள்தான். ஒன்றாம் வகுப்புக்கு இங்கே மாற்றியபோது எங்கள் வீட்டு விசேஷத்தில் சொந்தக்காரர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, மாப்பிள்ளைக்கு வருமானம் இல்லையா?" சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது எனக்கு. இன்றைக்கு அதே ஆள்தான் இந்தப் பதிவுக்கு இதயம் போட்டிருக்கிறார்.

பள்ளிச் செய்தி போட வேண்டுமா? என்னிடம் கேளுங்கள். அரசின் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் 'அரும்பு' என்ற முதல் நிலையிலேயே நின்றுகொண்டிருந்த பிள்ளை ஒன்று இந்த மாதம் 'மொட்டு' என்ற அடுத்த நிலைக்கு வந்திருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "பள்... ளிக்... கூ... டம்" என்று முடித்துவிட்டுத் திரும்பி டீச்சரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் படம் எடுக்க ஒருவரும் வரவில்லை. காலைச் சாப்பாடு செய்கிற அக்கா சுய உதவிக் குழுவில் இருப்பவர், அவர் பிள்ளையும் இங்கேதான் படிக்கிறது. விடியுமுன் வந்து அடுப்புப் பற்றவைக்கிறார். புதன்கிழமைப் பொங்கலில் மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைக்கிற ஒன்றாம் வகுப்புக்காரர்களுக்காகத் தட்டிப் போடுகிறார். இது செய்தி இல்லையா? இதற்கு ஒரு லைக் கிடையாதா?

"உனக்கு ஊர்ல பேர் வாங்கணும்" என்று ஒருவர் போனில் சொன்னார். பதில் சொல்லவில்லை. மனசு வலித்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்படிக்குள் இருந்தேன். கொல்லைப்புறம் சத்தமே இல்லையே என்று போய்ப் பார்த்தால், என் மகள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அந்தத் தண்ணீர் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் தடவி நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். கொடுத்தவர் முகமும் அமைப்பின் பேரும் போட்ட ஸ்டிக்கர். பாதி உரிந்திருக்கிறது, மீதி பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏன்டா என்றேன். "பாட்டில் நல்லா இருக்கும்மா. இது மட்டும் வேணாம்" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

பதிவு போட்டவர்களுக்கு நேற்று தனியாக மரியாதையாகத்தான் எழுதினேன். 'ஏழைக் குழந்தைகள்' என்பதை 'எளிய குழந்தைகள்' என்று மாற்றிவிட்டோம் மேடம், சந்தோஷமா என்று பதில் வந்தது. படங்கள் அப்படியே இருக்கின்றன.

மற்ற பத்தைப் பற்றி அடுத்த குழுக் கூட்டத்தில் பேசிக்கொள்கிறோம். அந்த ஏழாவது படத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தப் பையனின் அம்மா நடவுக்குப் போகிற இடத்தில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து இரண்டு முறை என்னிடம் வந்து கேட்டுவிட்டார், "எடுத்துட்டாங்களாக்கா?" என்று.