ஓய்வுக்குப் பிறகு ஒரு நாற்காலி

நீதித்துறைச் சுதந்திரம் என்று பேச்செடுத்தாலே நீதிபதிகளைத் தேர்வு செய்கிற மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்தில் போய் நின்றுவிடுகிறோம். நீதிபதி எப்படி உள்ளே வருகிறார் என்பதில் இருக்கிற கவனத்தில் பாதிகூட, ஓய்வு பெற்று எங்கே போகிறார் என்பதில் இல்லை.

அரசின் கணக்கைத் தணிக்கை செய்கிற தலைமைத் தணிக்கையாளர் (சிஏஜி), பதவிக்காலம் முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்க முடியாது. அரசியல் சாசனத்தின் 148(4) பிரிவு கறாராகச் சொல்கிறது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யுபிஎஸ்சியின் தலைவருக்கும் 319-ல் அதே கதவடைப்பு. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு? 124(7)-ன்படி எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது, அவ்வளவுதான். ஆளுநர் ஆகலாம், எம்.பி. ஆகலாம், யாரும் கேட்க முடியாது.

இது கவனக்குறைவில் விட்டுப்போனதும் இல்லை. அரசியல் நிர்ணய சபையில் தடை வேண்டும் என்று உறுப்பினர் கே.டி.ஷா திருத்தமே கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. நீதிமன்றத்துக்கு வருகிற வழக்குகளில் அரசுக்குப் பெரிய அக்கறை இருக்காது என்பது அவர் வாதம். 1949-ல் அது சரியாகக்கூட இருந்திருக்கலாம். இன்றைக்கு நாட்டிலேயே அதிகம் வழக்கு நடத்துவது அரசுதான்! 1958-ல் செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையமும் ஓய்வுக்குப் பின் அரசு வேலை கூடாது என்றது. அதில் உறுப்பினராக இருந்த பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா அதே ஆண்டு அமெரிக்கத் தூதராகப் போனார்.

இதில் கட்சி பேதம் கிடையாது. 1983-ல் பஹருல் இஸ்லாம் உச்ச நீதிமன்றத்திலிருந்து ராஜினாமா செய்து காங்கிரஸ் எம்.பி. ஆனார். 2012-ல் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த அருண் ஜெட்லி, ஓய்வுக்குப் பின் கிடைக்கப்போகும் வேலை தீர்ப்புகளைப் பாதிக்கிறது என்று சாடினார். 2014-ல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. நம்ம ஊர்க்காரர் சதாசிவம், தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்ற சில மாதங்களில் கேரள ஆளுநர். தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு, 2020 மார்ச்சில் மாநிலங்களவை நியமன எம்.பி. உச்ச நீதிமன்ற நீதிபதி அப்துல் நசீர் 2023 ஜனவரியில் ஓய்வு, பிப்ரவரியில் ஆந்திர ஆளுநராக அறிவிப்பு.

தீர்ப்புக்குக் கூலி என்று நான் சொல்லவில்லை. அதை நிரூபிக்கவும் முடியாது, இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது. சிக்கலே அதுதான். அயோத்தித் தீர்ப்பு வழங்கிய ஐவரில் கோகோயும் நசீரும் உண்டு. அந்தத் தீர்ப்பை ஏற்காதவனுக்கு இந்த நியமனங்களுக்குப் பிறகு என்ன சமாதானம் சொல்வீர்கள்?

தீர்ப்பாயங்களுக்கு ஓய்வு பெற்ற நீதிபதிகள் வேண்டுமே என்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே அனுபவம் தேவை, இருக்கட்டும். ஆனால் யாரை என்று முடிவு செய்வதில் அரசுக்குக் கை இருக்கக் கூடாது. ஆளுநர் மாளிகைக்கு எந்தச் சட்ட அனுபவம் தேவை? ஓய்வூதியம் போதவில்லை என்றால் முழுச் சம்பளத்தையே கொடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் மொத்த இடங்களே 34; கஜானா காலியாகிவிடாது.

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செல்லமேஸ்வரும் குரியன் ஜோசப்பும் அரசுப் பதவி ஏற்க மாட்டோம் என்று 2018-லேயே அறிவித்தார்கள். 2025-ல் தலைமை நீதிபதியாக இருந்த கவாயும் சொன்னார். மரியாதைக்குரிய முடிவு, ஆனால் அடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. இரண்டு ஆண்டு இடைவெளியாவது வேண்டும் என்று போட்ட வழக்கை 2023-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது: அது அந்தந்த நீதிபதியின் விருப்பம், சட்டம் வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அங்கே யார் கை தூக்குவார்கள்? இன்று கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களா, நாளை அந்த இடத்துக்கு வரக் காத்திருப்பவர்களா?